சாய்த்துப் பொருத்திய கைப்பிடி

அனுப்புநர்:
காலஞ்சென்ற படவரைவாளரின் மனைவி,
கடைசி வீடு, தண்ணீர்த் தொட்டித் தெரு.

பெறுநர்:
இயக்குநர் அவர்கள்,
நகரக் கலைக்கூடம்.

பொருள்: காட்சிக்கு வைக்கப்பட்டுள்ள என் குளியலறைக் கைப்பிடியைத் திரும்பப் பெறுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. சென்ற ஞாயிறன்று நான் காட்சிப்பொருளைச் சேதப்படுத்தியதாகக் காவலாளி எழுதிக் கொடுத்திருப்பதாக அறிகிறேன். அது தவறு. யாரோ நேராக்கியிருந்த கைப்பிடியை, அது இருக்க வேண்டியபடி சாய்த்து வைத்தேன். கூச்சலும் போடவில்லை. அந்தப் பழக்கம் எனக்கு இல்லை.

2. எனக்குக் கலை புரியாது என்றும் சொல்கிறார்களாம். வீடு புதுப்பிக்கும் மோகத்தைக் கேலி செய்யும் அக்கண்காட்சியை அமைத்தவர் என் தங்கை மகன். எங்கள் வீட்டில் அவன் என்றே பேசப்பட்டவரை இம்மனுவில் அவர் என்று குறிப்பிடுகிறேன். குழாயிலிருந்து ஜன்னல் திரை வழிவதையும், கூரையில் முட்டி நிற்கும் மாடிப்படியையும் பார்த்து வாய்விட்டுச் சிரித்தேன். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் "எங்க பையன்தான்" என்றுகூடச் சொன்னேன்.

3. அடுத்த அறையில் என் கைப்பிடி இருந்தது. "தன் வீட்டைத் தானே கெடுத்துக்கொண்டவர்" என்று கீழே ஓர் அட்டை. ரசமட்டம் வைத்து அதை நேராக்குவது பார்வையாளர்களுக்கான விளையாட்டாம்.

4. நான் ஒருமுறை குளியலறையில் வழுக்கி விழுந்து, எட்டிப் பிடிக்க எதுவுமின்றி, என் கணவர் அலுவலகத்திலிருந்து வரும்வரை ஈரத்தரையில் கிடந்தேன். மறுநாள் அவர் விடுப்பு எடுத்தார். என்னைத் தரையில் படுக்கவைத்து, கை எட்டும் உயரத்தை அளந்து, வரைபடம் போட்டு அந்தக் கைப்பிடியைப் பொருத்தினார். கீழ்முனை, விழுந்தவள் பிடிப்பதற்கு. மேல்முனை, எழுந்தவள் நிற்பதற்கு.

5. இது என் தங்கை மகனுக்குத் தெரியாததல்ல. கால் முறிந்து மாவுக்கட்டுடன் எங்கள் வீட்டில் இருந்தபோது அவரும் அதைப் பிடித்துத்தான் குளித்தார். சென்ற ஆண்டு, டைல்ஸ் மாற்றித் தருவதாக வந்து அதைக் கழற்றினார். கேட்டதற்கு, "துருப்பிடிச்சுப் போச்சு பெரியம்மா, குப்பைல போட்டாச்சு" என்றார். நம்பினேன்.

கலைக்கூடத்தில் கேட்டபோது, "விளையாட்டுக்குத்தானே பெரியம்மா. பெரியப்பா இருந்தா அவரே சிரிச்சிருப்பார்" என்றார். என் கணவர் சிரித்திருக்கவும் கூடும். அவர் பெருந்தன்மை உள்ளவர். நான் அப்படியல்ல.

6. ஆகவே, அந்த அட்டையை உடனே அகற்றி, கைப்பிடியை ஒரு கொத்தனாரைக் கொண்டு என் குளியலறையில் பழைய சாய்விலேயே பொருத்தித் தர வேண்டுகிறேன். நான் தனியாக வசிக்கிறேன். டைல்ஸ் மாற்றியபோது என் தங்கை மகன் பொருத்திய புதிய கைப்பிடி நேராகவும் பளபளப்பாகவும் இருக்கிறது. தரையில் கிடப்பவர் கைக்கு அது எட்டாது. இதை நான் ஊகித்து எழுதவில்லை.

தங்கள் முடிவை அவரிடம் சொல்லி அனுப்ப வேண்டாம். எழுத்து மூலமாக என் முகவரிக்கே பதில் அனுப்பவும்.

இடம்: என் இல்லம்
நாள்: வியாழக்கிழமை

இப்படிக்கு,
(கையொப்பம்)