நான்குக்கும் ஐந்துக்கும் நடுவே

9.3.1988, புதன்

தேயிலைத் தோட்ட ஆபீஸ் கம்ப்யூட்டர் திரையில் வரும் பட்டியலில் நான்கை அழுத்தினால் அச்சடிக்கும், ஐந்தை அழுத்தினால் பெயரை அழித்துவிடும். நானே புத்தகம் படித்துக் கற்று திரையில் இரண்டுக்கும் நடுவே ஒரு கோடு வரும்படி செய்திருந்தேன். "என்ன கிளாக்கர், லிஸ்டுக்கும் வேலியா?" என்று சொல்லி உதவி மேனேஜர் சின்னத்துரை போன வாரம் அதை எடுக்கவைத்தார்.

கொழுந்து பறிக்கும் பெருமாயி இலங்கைப் பிரஜாவுரிமை மனுவுக்காக இன்று சேவைச் சான்று கேட்டு வந்தார். ஐந்தை அழுத்தியது என் விரல்தான். அவருடைய முப்பது வருட வேலைப் பதிவு ஒரு நொடியில் போய்விட்டது. பழைய பதிவேடுகளையும் கம்ப்யூட்டர் வந்ததும் எரித்துவிட்டார்கள். கோடு இருந்திருந்தால் விரல் தவறியிருக்காது, இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அதனால் பெருமாயிக்கு என்ன லாபம்?

நாளைக்கு வரச் சொன்னேன்.

"எம்பேரு உள்ள இருக்குங்களா ஐயா?" என்று கேட்டார்.

இருக்கும்மா என்று சொல்லிவிட்டேன்.