கஷாய அண்டாவில் கொசுப்புழு

தன் தங்கச்சியையும் எனக்குத் தந்து, கஷாயம் காய்ச்சும் அண்டாவையும் என் தலையில் விட்டுப் போன மச்சானுக்கு,

உம்ம தங்கச்சி சுகம். உம்ம மருமகள் மதியும் இப்போது சுகம். 'இப்போது' என்று ஏன் எழுதுகிறேன் என்பதைப் பைய சொல்லுதேன். முதலில் என் பவிசைக் கேளும் வே.

நீர் போய்ச் சேர்ந்த பிறகு வந்த முதல் ஐப்பசி இது. மழை பிடித்ததும் நம்ம ஏரல் ஊரில் வழக்கம்போல வீட்டுக்கு வீடு காய்ச்சல். உம்ம நாட்டு மருந்துக் கடை வாசலில் வருஷாவருஷம் நீர் ஊற்றுகிற நிலவேம்புக் கஷாயத்தை இனி யார் ஊற்றுவது என்று தெருவே பேசியது. வாழைக்காய் மண்டியில் சும்மா இருந்த நான், "நான் இருக்கேம்லா!" என்று வாயைக் கொடுத்துவிட்டேன். பத்தாம் வகுப்பை இரண்டு தரம் எழுதினவன் ஒரே காலையில் வைத்தியன் ஆகிவிட்டேன்.

நிலவேம்பும் பேய்ப்புடலும் வெட்டிவேரும் உம்ம மகன்தான் சரியாகக் கட்டிக்கொடுத்தான். அதனால் கஷாயத்தில் குற்றமில்லை, ஊற்றினவனிடம்தான். பிள்ளைகள் குடித்த பிறகுதான் நீர் கருப்பட்டித் துண்டு கொடுப்பீர். நானோ பிள்ளைகள் பயப்படுமே என்று முதலிலேயே கொடுத்தேன். கருப்பட்டி தீர்ந்தது, பிள்ளைகளும் ஓடிப்போனார்கள், கஷாயம் மட்டும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது.

மிச்சத்தைக் கொட்டிவிட்டு, கசப்பு போகட்டும் என்று அண்டா நிறையத் தண்ணீர் ஊற்றிப் புறவாசலில் வைத்தேன். வைத்ததை மறந்தும் போனேன்.

இரண்டு வாரம் கழித்து மதிக்குக் காய்ச்சல் வந்தது. "நம்ம வீட்டுக் காய்ச்சல், நம்ம கஷாயத்துக்கு அடங்கிரும்" என்று சின்னச் சட்டியில் காய்ச்சித் தம்ளரோடு நின்றேன். மறுநாளும் உடம்பு அனலாய்க் கொதித்தது. நான் அடுத்த தம்ளரை எடுத்தேன்.

"எங்க அண்ணன் தம்ளரை நீட்டும்போது என்ன சொல்லும்?" என்றாள் உம்ம தங்கச்சி.

"கண்ண மூடிக்கிட்டுக் குடிலேன்னு சொல்லும்."

"அதுக்குப் பொறவு?"

நான் தம்ளரைக் கீழே வைத்தேன்.

"நாளைக்கும் சுட்டா ஆஸ்பத்திரிக்குப் போயிரு, எங்கிட்ட வராதன்னு சொல்லும். ஊருக்கே ஊத்துனியளே, அதச் சொன்னியளா?"

சொல்லவில்லை மச்சான். ஓடிப்போய் ஆட்டோ பிடித்தேன்.

டெங்கு என்றார்கள். ரத்தத்தில் தட்டணு, அதான் பிளேட்லெட், குறைகிறது என்றார்கள். வாழைத்தார் விலை இறங்கினால் மட்டும் பதறத் தெரிந்த எனக்கு, இப்படியும் ஒன்று இறங்கும் என்று அங்கேதான் தெரிந்தது. ஆஸ்பத்திரியில் நான் ஒரு கேலிகூடப் பேசவில்லையாம். எப்படி இருந்திருப்பேன் என்று அதிலிருந்தே நீர் கண்டுகொள்ளும்.

பப்பாளி இலைச்சாறு கொடுக்கலாமா என்று டாக்டரம்மாவிடம் கேட்டேன். "வாந்தி இல்லன்னா கொஞ்சம் குடுங்க. ஆனா அத நம்பி டிரிப்ஸக் கழத்தச் சொல்லாதீங்க" என்றார்.

சாற்றை நீட்டியதும் மதி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "நீங்க ஒரு வாய் குடிங்கப்பா, பொறவு நான் குடிக்கேன்."

குடித்தேன். என் மூஞ்சி போன போக்கைப் பார்த்து, நாலு நாளாய் வாடிக்கிடந்த பிள்ளை சிரித்துவிட்டது. மறுநாள் தட்டணு ஏறியது. எது ஏற்றியது மச்சான்? டிரிப்ஸா, இலைச்சாறா, என் மூஞ்சியா?

வீட்டுக்கு வந்தபின் பேரூராட்சியிலிருந்து கொசு ஒழிக்கிற பெண்கள் வந்தார்கள். நானே புறவாசலுக்குக் கூட்டிப்போய், "நம்ம வீடு சுத்தம்மா" என்றேன். ஒருத்தி அண்டாவுக்குள் டார்ச் அடித்தாள். உள்ளே புழுக்கள் திருவிழாக் கூட்டம்போல நெளிந்தன.

"அண்ணாச்சி, காய்ச்சலுக்கு மருந்தும் நீங்கதான் காய்ச்சுதிய, கொசுவும் நீங்கதான் வளக்குதிய!"

தெரு சிரித்தது. நானும் சிரித்தேன். என் பிள்ளையைக் கடித்தது எந்த வீட்டுக் கொசு என்று மட்டும் நான் யாரிடமும் கேட்கவில்லை. உம்மிடம் கேட்கலாமா?

நீர் வேலை முடிந்ததும் அண்டாவைக் கவிழ்த்துப்போட்டு, அதன்மேல் உட்கார்ந்து வெற்றிலை போடுவீர். நாற்காலி வாங்கச் சோம்பல் என்று அத்தனை வருஷமும் உம்மைக் கேலி செய்தேன். இப்போதல்லவா காரணம் தெரிகிறது.

அடுத்த ஐப்பசிக்கும் நான்தான் ஊற்றுவேன் மச்சான். கருப்பட்டி கடைசியில்தான். "நாளைக்கும் சுட்டா ஆஸ்பத்திரி" என்பதைத் தம்ளருக்குத் தம்ளர் சொல்லுவேன். எல்லாம் முடிந்ததும் அண்டாவைக் கவிழ்த்து நானே உட்காருவேன். "மாமா உக்காந்தாங்க, தாங்குச்சு. நீங்க உக்காந்தா நசுங்கிரும்ப்பா" என்கிறாள் மதி. இதைச் சொல்லும்போது அவள்தான் அதன்மேல் உட்கார்ந்து காலாட்டிக்கொண்டிருக்கிறாள்.

இப்படிக்கு,
உம்ம கஷாயத்தை இப்போதும் மூக்கைப் பிடித்தே குடிக்கிற,
உம்ம தங்கச்சி வீட்டுக்காரன்