பெட்டிக்குச் சொன்ன வார்த்தை

மாரண்டஹள்ளி
ஆடி மாதக் கடைசி

அன்பு மகன் மாதவராஜுக்கு அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை தேவிப்பிரியா எழுதுவது. நீ போலந்தில் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல், வேளைக்குச் சாப்பிட்டு, நல்லபடியாக இருக்க வேண்டும் என்று விளக்கு வைக்கும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே நாங்களும் நலம் என்று அடுத்து எழுத வேண்டும், எல்லாரும் அப்படித்தான் எழுதுவார்கள், ஆனால் அது பொய் என்பதால் அந்த வரியை விட்டுவிடச் சொன்னேன். அப்பாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது. செவலை மாடு கன்று போட்டிருக்கிறது, கிடாரிக் கன்று. தக்காளி இரண்டாம் பறிப்பு நடக்கிறது, அப்பா வண்டியில் ஏற்றிக்கொண்டு பாலக்கோடு மண்டிக்குப் போயிருக்கிறார், அவர் திரும்புவதற்குள் இதை முடித்தாக வேண்டும், அதனால் முன்பின்னாக இருந்தால் நீயே சரிசெய்து படித்துக்கொள்.

போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். வீட்டில் இருப்பது ஒரே போன், அது அப்பா சட்டைப் பையில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை நீ கூப்பிட்டால் ஸ்பீக்கரில் போட்டு நடுவில் வைத்துவிடுகிறார், நான் சாப்பிட்டியா, குளிரா என்று கேட்பதோடு என் பேச்சு முடிந்துவிடுகிறது. வாட்ஸ்அப், மெயில் எல்லாம் அந்தப் போனோடுதான் கட்டியிருக்கிறது. அதனால்தான் பொங்கலுக்கு வந்தபோது நீ பரண்மேல் வைத்துவிட்டுப் போன அந்தச் சின்னக் கம்ப்யூட்டர்ப் பெட்டியிலேயே இதை எழுதி, உன் போட்டோக்கள் வந்து விழுகிற இடத்தில் போட்டு வைக்கிறோம். அங்கே நீ மட்டும்தான் பார்ப்பாய் என்று தேவி சொல்கிறாள். நீ சீக்கிரம் பார்க்க வேண்டும் மாதவா, ஆடி முடிய இன்னும் ஒரு வாரம்கூட இல்லை.

அந்தப் பெட்டியைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். டிபன் டப்பா அளவுகூட இல்லை, உன் படங்களும் ஆபீஸ் சாமான்களும் பத்திரமாக இருக்கட்டும், யாரும் தொட வேண்டாம், அணைக்க மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனாய். அப்பா அதற்கென்று தனியாக பேட்டரி வாங்கி வைத்திருக்கிறார், கரண்ட் போனால் முதலில் பரணைத்தான் அண்ணாந்து பார்க்கிறார். தேவிதான் ஒரு நாள் அதிலிருந்து டி.வி.க்கு வயர் இழுத்தாள். ஜெராக்ஸ் கடையை மூடிவிட்ட நம் ஊர் பானுமதி கொடுத்த கீபோர்டை மாட்டினாள். நான் ஏதோ படம் பார்க்கத்தான் என்று நினைத்தேன். படம் அதில் சரியாக ஓடாது, டி.வி.யில் சத்தமே வராது, எழுத மட்டும் நன்றாக எழுதலாம் என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். ஒன்பதாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். ஏன் விட்டாள் என்று உனக்குத் தெரியும், பாடம் தெரியாமல் இல்லை, எழுந்து நின்று பதில் சொல்லச் சொன்னால் வாய் திறக்காது, வகுப்பே சிரிக்கும். அந்தப் பெண் இந்தப் பெட்டி முன்னால் உட்கார்ந்தால் நிமிர்ந்து உட்காருகிறாள். (அண்ணா, இதை எழுத மாட்டேன் என்றேன். எழுது, விடாதே என்கிறாள் அம்மா.)

இவள் எழுதுவதைக் கேள்விப்பட்டு முதலில் பக்கத்துக் காட்டு மாரியப்பன்தான் வந்தார், நம் திருப்பத்தில் பாலக்கோடு பஸ் நிற்பதில்லை என்று ஒரு மனு வேண்டும் என்று. இவள் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள். மாரியப்பன் நல்ல மனுசன், சன்னலுக்கு வெளியே முதுகைக் காட்டித் திரும்பி நின்றுகொண்டு, நான் பாட்டுக்குக் காட்டைப் பார்த்துச் சொல்றேம்மா, நீ பாட்டுக்கு எழுதிக்கோ, மாடு மேய்க்கறவன் தனியாப் பேசறான்னு நெனச்சுக்கோ என்றார். அதிலிருந்து யார் வந்தாலும் அப்படித்தான், சன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று சொல்கிறார்கள், இவள் உள்ளே இருந்து எழுதுகிறாள், பானுமதி வீட்டில் இன்னும் ஓடுகிற அந்தப் பழைய மெஷினில் அச்செடுத்துக்கொள்கிறார்கள். மனு போன பிறகு பஸ் நம் திருப்பத்தில் நிற்கிறது. அன்றைக்கு இவள் பஸ் சத்தம் கேட்டதும் வாசல்வரை ஓடிப்போய்ப் பார்த்துவிட்டு வந்தாள். பத்தாவது பரீட்சையைத் தனியாக எழுதலாமாம், அதற்கான பாடமெல்லாம் இதில்தான் படிக்கிறாள், இதிலேயே எழுதிப் பார்க்கிறாள்.

இதற்கு நடுவில் நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை, அனுப்பின படம் போய்ச் சேர நேரமாகிறது, தேவி அதில் நிறைய திறந்து வைத்திருக்கிறாள் என்று அப்பாவிடம் குறைபட்டாய். நீ சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. அது சர்வர்ப்பா, உக்காந்து வேலை செய்யற கம்ப்யூட்டர் இல்ல, அதும்பாட்டுக்கு ஒரு மூலையில சத்தம் காட்டாம ஓடிக்கிட்டு இருந்தாத்தான் நல்லது, யார் எங்கிருந்து கேட்டாலும் எடுத்துக் குடுக்கும், அதுக்குத் திரையே தேவையில்ல என்றாய். நீ பெட்டியைத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். அப்பா சரிப்பா சரிப்பா என்று கேட்டுக்கொண்டார். நீ போனை வைத்ததும் இவள் எழுந்து சமையல்கட்டுக்குள் போய்விட்டாள்.

அடுத்த வாரம் உன் அத்தை பெரியம்மாள் ஓசூரிலிருந்து வந்தாள். வந்தவள் டி.வி.யில் மனு எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டு, என்ன அண்ணா, வூட்டுல கலெக்டர் ஆபீசு தொறந்துட்டியா, சன்னலண்ட ஆம்பளைங்க வந்து நின்னுகினு இருக்காங்க, எங்க பையன் வெங்கடாசலத்துக்குப் பொண்ணு கேக்கலாம்னு வந்தேன், ஆபீசர் அம்மாவக் கேக்க மனு போடணுமா என்று சிரித்தாள். அப்பாவுக்கு முகம் சுண்டிவிட்டது. உடனே நீ சொன்னதை எடுத்து விட்டார். மாதவனே சொல்லிட்டாம்மா, அது உக்காந்து வேலை செய்யறதுக்கு இல்ல, மூலையில கம்முனு இருக்கறதுதான் அதுக்கு நல்லது, திரையே வேணாம்னான், ஆவணி பொறக்கட்டும், டி.வி. வயர எடுத்துடறேன் என்றார். அத்தை அதற்கு, படிச்ச புள்ள சரியாத்தான் சொல்லியிருக்கான், பொண்ணுக்கும் அதே நல்லதுதான் என்றாள். அப்பா ஆமாம் என்று தலையாட்டினார். பேச்சு பெட்டியிலிருந்து பெண்ணுக்குப் போனது எப்போது என்று எனக்கே தெரியவில்லை மாதவா, இரண்டு பேரும் உன் பெயரைச் சொல்லியே முடிவு செய்துவிட்டார்கள். ஆவணி முதல் முகூர்த்தத்தில் வெற்றிலை பாக்கு மாற்றுவது, இவளுக்குப் பதினெட்டு வயது முடிந்ததும் தையில் கல்யாணம்.

வெங்கடாசலம் கெட்ட பையன் இல்லை. கெட்டவனாயிருந்தால் ஒரு குறை சொல்லி நிறுத்தியிருப்பேன், நல்லவனை என்ன சொல்லி நிறுத்துவது. நான் வாயைத் திறந்தால் அப்பா, மாதவனைவிட ஒனக்குத் தெரியுமா என்கிறார். பரீட்சை எழுதட்டும் என்றேன், வாயே தொறக்காதவ பரீட்சை எழுதி யார்கிட்ட போய் என்ன சொல்லப் போறா என்கிறார். அவர் பொல்லாதவர் இல்லை. இவளுடைய பயத்தைப் பார்த்து அவருக்குப் பயம், தான் இல்லாத காலத்தில் இவளை யார் வைத்துப் பார்ப்பார்கள் என்று. தெரிந்த வீட்டில் கொடுத்துவிட்டால் நிம்மதி என்று நினைக்கிறார். ஆனால் இவள் சோற்றில் கை வைத்தபடியே உட்கார்ந்திருக்கிறாள். அழுதால்கூடத் தேவலை, அழவும் இல்லை, பெட்டி முன்னால் மட்டும் உட்காருகிறாள், அதையும் எடுத்துவிட்டால் என்ன செய்வாள். கிணற்றடிக்கு மோட்டார் போட இவளைத் தனியாக அனுப்புவதில்லை, நானும் கூடவே போகிறேன். ஏன் என்று நான் சொல்ல மாட்டேன், இவளை எழுதவும் சொல்ல மாட்டேன், நீ புரிந்துகொள்.

உன்னைக் குறை சொல்ல இதை எழுதவில்லை சாமி. உன் சாமானில் உன் வேலை கெடுகிறது என்று நீ சொன்னது தப்பா. ஆனால் இந்த வீட்டில் உன் வார்த்தைக்கு இருக்கிற கனம் அங்கே இருக்கிற உனக்குத் தெரியாது. நீ மழை வரும் என்றால் அப்பா களத்தில் காய்வதை அள்ளிவிடுவார். அவர் கேட்கிற ஆள் நீ ஒருத்தன்தான். காலைத் தொட்டுக் கேட்கிற மாதிரி கேட்கிறேன், ஆவணி பிறப்பதற்குள் அப்பாவைக் கூப்பிடு. நான் சொன்னேன் என்று சொல்லாதே. அப்பா, நான் பெட்டிக்குச் சொன்னேன், தேவிக்குச் சொல்லவில்லை, அவள் உட்கார்ந்தால் உட்காரட்டும், திரை இருக்கட்டும், பரீட்சை முடிகிறவரை வேறு பேச்சு வேண்டாம் என்று சொல். உன் வேலை தடைப்படாமல் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம். உனக்கு ராத்திரியாக இருக்கிற நேரம் எங்களுக்குக் காலை, அப்போது மட்டும் இவள் உட்காருவாள், ஒன்றை மூடிவிட்டுத்தான் இன்னொன்றைத் திறப்பாள், நீ எழுந்திருப்பதற்குள் எல்லாவற்றையும் மூடிவிடுவாள். இப்போதே அப்படித்தான் செய்கிறாள், உனக்கு வேகம் தெரிகிறதா பார்.

இன்னொன்று. நீ பெட்டியை வைத்துவிட்டுப் போன புதிதில் விளையாட்டுக்கு அங்கிருந்தே பெட்டியைப் பீப் பீப் என்று கத்த வைத்தாயே, அப்பா கேஸ் கசிகிறது என்று சிலிண்டரைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினாரே, வந்து மூச்சு வாங்கிக்கொண்டு உன்னைத் திட்டிவிட்டு, பையன் அங்கருந்தே கூப்பிடறான் பாருடி என்று ஊர் முழுக்கச் சொன்னாரே. இதைப் படித்ததும் அதே மாதிரி ஒருமுறை சத்தம் போட வை. அப்பா திரையை எடுத்தாலும் பெட்டியைப் பரணிலிருந்து இறக்க மாட்டார், அது உன்னுடையது. சத்தம் கேட்டால் நீ படித்துவிட்டாய் என்று நாங்கள் தெரிந்துகொள்வோம்.

குளிர் தொடங்கினால் காதை மூடாமல் வெளியே போகாதே. இரவில் வெறும் ரொட்டியைத் தின்றுவிட்டுப் படுக்காதே, ஒரு கை அரிசி போட்டுக் கஞ்சியாவது வைத்துக் குடி. குலசாமி உன் கூடவே இருக்கட்டும், நீ தொட்டது துலங்கட்டும். உன் தங்கைக்கு நீ அண்ணனாகவும் இரு, தேவைப்பட்டால் அப்பாவுக்கு அப்பாவாகவும் இரு.

இப்படிக்கு,
உன் வரவை எதிர்பார்க்காமல் உன் வார்த்தையை மட்டும் எதிர்பார்க்கும்
அம்மா பாஞ்சாலி

அண்ணா, அம்மா கன்றுக்குட்டியைப் பார்க்கப் போய்விட்டாள். எனக்கு என்ன வேண்டும் என்பதை அவள் சொல்ல மாட்டாளாம், நானே எழுத வேண்டுமாம். இரண்டு முறை எழுதி அழித்துவிட்டேன். வண்டிச் சத்தம் கேட்கிறது, அதனால் எழுதிவிடுகிறேன். எனக்கு இந்தக் கல்யாணம் வேண்டாம். பாலக்கோட்டில் பரீட்சை மையம் இருக்கிறது. பஸ் நம் திருப்பத்தில் நிற்கிறது, நான் அதில் ஒரு முறைகூட ஏறவில்லை. ஏற வேண்டும். அங்கே யாரிடமும் எழுந்து நின்று பேச வேண்டியதில்லை, எழுதினால் போதும்.

பரணுக்கு நேர் கீழே பாய் போட்டுப் படுக்கிறேன். மெதுவாகச் சத்தம் வந்தாலும் எனக்குக் கேட்கும்.

தேவி