அழுத்திப் பார்க்காத கல்

செவ்வாய்க்கிழமை.

எங்கள் தோட்டத்து லயக் குடியிருப்புக்குத் தண்ணீர் இல்லாமல் செய்தது எஞ்சினியர்தான். குழாய்க் கிணற்றில் அமிலம் விட்டால் சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகள் அகன்று, தண்ணீர் பெருகும் என்று எழுதிக் கொடுத்தார். ஆய்வுகூடத்தில் அமிலம் அரித்த கல்லை அழுத்தாமலே தண்ணீர் ஓட்டிப் பார்த்து எடுத்த கணக்கு அது. நிலத்துக்கடியில் மலையின் பாரம் இருக்கிறது. அவருடைய ஆய்வுகூட உதவியாளரான நான் அதே கல்லை அழுத்திச் சோதித்தேன். அமிலத்தில் இளகிய கல் நசுங்கி, வெடிப்பு மூடிக்கொண்டது.

"நங்கி, கல்லை நசுக்க இது அம்மியா?" என்று, சிங்களத்தில் தங்கச்சி என அழைத்து, எஞ்சினியர் சிரித்தார்.

அமிலம் விட்ட மூன்றே வாரத்தில் கிணறு அடைத்துக்கொண்டது. இன்று றப்பர் பால் வெட்டிவிட்டு வந்த அம்மா, குடத்தோடு பள்ளத்து ஊற்றுப் பீலிக்கு இறங்கினாள். "நீ வேலை செஞ்ச கெணறுதானே புள்ள?" என்றாள்.

கஹவத்தை டவுனில் எஞ்சினியரைப் பிடித்தேன். "மேல் லயத்துக் கெணத்துலயும் அமிலம் விடப் போறீங்க. அதுக்கு முந்தி என் சோதனையையும் அறிக்கையில சேருங்க, சார்."

ஜீப் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்.