அன்னபாக்கியம் அக்காவோடு சந்தையடியில்

தர்மபுரம்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

சுதர்சினியின் வணக்கம். நான் சுகமாக இருக்கிறேன். அப்பாவின் இருமல் குறைந்ததா? தேயிலைத் தோட்டத்தில் குளிர் கூடிவிட்டதாகத் தங்கச்சி சொன்னாள்.

போனில் சொல்ல விருப்பமில்லாததால் எழுதுகிறேன். பயப்படாதீர்கள். நேற்று, நான் தங்கியிருக்கும் வீட்டு அன்னபாக்கியம் அக்காவோடு கிளிநொச்சிக்குப் போனேன். காசாவில் சாகும் பிள்ளைகளுக்காகச் சந்தையடியில் மெழுகுதிரி ஏற்றி நின்றோம். வவுனியாவிலிருந்து முஸ்லிம் பெண்களும் வந்திருந்தார்கள்.

சாதாரண உடுப்பில் ஒருவர், புலனாய்வுக்காரராம், வந்து எங்களைப் படமெடுத்தார். "மலையகத்து ரீச்சருக்கு இதில என்ன வேலை?" என்று என்னைக் கேட்டு, நம் வீட்டு விலாசத்தையும் எழுதிக்கொண்டார். அக்கா குறுக்கே வந்தார்.

"தம்பி, அந்தப் பிள்ளையை விடும். நான்தான் கூட்டிக்கொண்டு வந்தனான். சண்டைக்குள்ள செத்துப்போன என்ர மகளைப் பங்கர் குழிக்குள்ளயே தாட்டு, மண் மூடிப்போட்டு ஓடி வந்தனான். அண்டைக்கு எங்களுக்கெண்டு ஒருத்தரும் வரேல்லை. அதாலதான் இண்டைக்கு நிக்கிறன்."

அவர் அக்காவைத் தனியாக ஒரு படம் எடுத்துக்கொண்டு போனார்.

யாராவது வீட்டுக்கு வந்து விசாரித்தால், மகள் படிப்பிக்கிறாள் என்று மட்டும் சொல்லுங்கள். கொஞ்சம் தேயிலைத்தூள் அனுப்புங்கள். தங்கச்சி பாடுவதைப் போனில் பதிந்து அனுப்பச் சொல்லுங்கள். பொழுதுபட்டால் இந்த வீட்டில் ஒரு சத்தமும் இல்லை.

இதைக் கொண்டுவரும் ரீச்சர் வாசலில் நிற்கிறார், பஸ் வந்துவிடும். ஒன்று மட்டும். அக்கா நேற்றுத்தான் மகளின் பெயரை என்னிடம் சொன்னார். வினோஜா, ஆறு வயது. சாமிக்கு விளக்கேற்றும்போது அந்தப் பெயரையும் சொல்லுங்கள் அம்மா.

உங்கள் மகள்,
சுதர்சினி