கோட்டுப் பையில் ஒரு பித்தளைக் கோது

டோர்ட்முண்ட், 2003

இஞ்சாருங்கோ,

கோபித்துக்கொண்டு போயிருக்கிறீர்களே, உங்கள் அக்கா வீட்டில் சாப்பிடப் புட்டா, கடைப் பாண்தானா? நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம்.

என் கோட்டுப் பையிலிருந்து எடுத்து நீங்கள் கால்வாயில் எறிந்தது வெறும் தோட்டாக் கோது. உள்ளே மருந்தும் இல்லை, குண்டும் இல்லை. எங்கள் துவக்குப் பட்டறைக்கு வரும் பன்றி வேட்டைக்காரர் ஒருவரின் பழைய மக்னம் துவக்குக்கு இப்போது கடையில் தோட்டா வருவதில்லை. லேசாகக் கிடைக்கும் வேறு தோட்டாவுக்கு மாறச் சொன்னோம். தகப்பனின் துவக்காம், விடமாட்டாராம். அதனால் வேறு தோட்டாக் கோதுகளை அச்சில் அழுத்தி உருமாற்றினேன். அவர் துவக்கில் சரியாகப் பொருந்திய முதல் கோதை உங்களுக்குக் காட்டத்தான் கொண்டுவந்தேன்.

"ஆமி வந்து கேட்டா என்ன சொல்லுவாய்?" என்றீர்கள். டோர்ட்முண்டில் எந்த ஆமி என்று நான் சிரித்திருக்கக் கூடாது.

ஊரில் ஆமி சோதித்துப் பிடித்துக்கொண்டுபோன அன்று உங்கள் தம்பியின் சட்டைப் பையில் இருந்ததும் வெறும் கோதுதானே.

கோது தொலைந்ததற்கு முதலாளி கோபிக்கவில்லை. அதற்குப் பதிலாக வேறொரு கோது செய்து கொடுத்துவிட்டேன். இப்போதெல்லாம் பட்டறை வாசலில் நின்று பைகளை நானே வெளியே இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருகிறேன். நம்பாவிட்டால் வந்து சோதித்துப் பாருங்கோ.

உங்கள் மனுசி