பாதம் தேய்ந்த முனிவர்

கள்ளக்குறிச்சி,
ஞாயிறு காலை

என்னங்க,

போனில் பேசினால் அத்தை காதில் விழும், அதனால் எழுதுகிறேன். கரியாலூர் மலையில் நம் காட்டேஜுக்குக் கூரை போட்டாயிற்று என்று உங்கள் தங்கை சொன்னாள். இவ்வளவு சீக்கிரம் பணம் எப்படி வந்தது என்று நான் கேட்கவில்லை.

நேற்று ஏடுகளைப் பூசிக்கும் சுருத பஞ்சமி. பழுதுபார்க்கவென்று நீங்கள் சென்னைக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்த ஓலைச்சுவடியை எடுத்தோம். அந்தக் காலத்துச் சமண முனிவர்கள் எழுதி வண்ணம் தீட்டியது, இப்போது புத்தம் புதிதாய்ப் பளபளக்கிறது. பூச்சி அரிக்காமல் ஓலைக்குப் பூசும் புல்தைல வாசனைதான் இல்லை.

வழக்கம்போல் அத்தை முதல் ஏட்டில் இருக்கும் முனிவரின் பாதத்தைத் தொடப் போனார். தலைமுறை தலைமுறையாகத் தொட்டுத் தொட்டு அங்கே வண்ணம் போய் வெறும் ஓலைதானே இருக்கும். அத்தை கையை எடுத்துக்கொண்டார்.

"இன்னாம்மா, பத்து விரலும் தெரியுது?"

"ரிப்பேர் பண்ணாங்கல்ல, வரைஞ்சிருப்பாங்க அத்தே" என்றேன். அவர் நம்பிவிட்டார்.

பழைய முனிவர் யார் வீட்டில் இருக்கிறார் என்று உங்களுக்குத் தெரியும். மலையிறங்கும்போது அவரையும் அழைத்து வாருங்கள். பாதம் இல்லாதவர், தனியாக நடந்து வரமாட்டார்.

இன்னும் இந்த வீட்டில் இருக்கும்
உங்கள் மனைவி